இன்னொரு சாவி

அத்தியாயம் 7

வண்டி போட்ட இடத்திலேயே நின்றது. கண்ணாடி உடையவில்லை. கதவுப் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டீயரிங்கில் மாட்டிய இரும்புக் கம்பியும் மாட்டியபடியே இருந்தது. ஆனால் ஓட்டுநர் இருக்கை கடைசிவரை பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

லுத்ஃபி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அவன் குட்டையானவன். அம்மாவின் உயரம். இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டு, நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்துதான் ஓட்டுவான். இந்த இருக்கையை இவ்வளவு பின்னால் தள்ளி உட்கார்ந்தவர் ஒரே ஒருத்தர் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறான். அவனுடைய அப்பா. அவர் போனபோது லுத்ஃபிக்கு நடக்கக்கூடத் தெரியாது.

மலையூரான மேதியாவின் மூடுபனி தெருவை இன்னும் விட்டபாடில்லை. எதிர்வீட்டு ஜன்னல்கூடத் தெரியவில்லை.

போன வாரம் இந்த வீட்டில் மூண்ட சண்டை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த வட்டாரத்தில் பழைய பெஜோ வண்டிகள் ஒவ்வொன்றாகக் களவு போய்க்கொண்டிருந்தன. உதிரி பாகத்துக்கு ஆட்கள் நாயாய் அலைகிற ஊர் அது. காலையில் திருடிய வண்டி மாலைக்குள் துண்டு துண்டாகப் பல கடைகளுக்குப் போய்விடும். தெருவில் மிஞ்சியிருந்தது லுத்ஃபியின் அம்மா வர்தியாவின் வாசலில் நிற்கும் மஞ்சள் பெஜோ 505 மட்டும்தான். பூட்டுகளை மாற்றிவிடலாம் என்றான் மகன். மாற்றக் கூடாது என்றாள் வர்தியா.

காரணம் தெருவுக்கே தெரியும். அவள் கணவர் லக்தர் டாக்ஸி ஓட்டியவர். ஆயுதக் கும்பல்களுக்குப் பயந்து யார் தட்டினாலும் கதவைத் திறக்காத அந்தக் கறுப்பு வருஷங்களில், ஒரு குளிர்காலத்தில், ப்ளீதாவில் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியவர் வீடு வந்து சேரவில்லை. ஷிஃபா பள்ளத்தாக்குச் சாலையோரத்தில் வண்டி மட்டும் நின்றது. நான்கு கதவும் ஒழுங்காகப் பூட்டியிருந்தன. ஆள் இல்லை. சாவியும் இல்லை. வீட்டில் இருந்த மறு சாவியைக் கொண்டுபோய்த்தான் வண்டியை எடுத்து வந்தார்கள்.

"அவர் திரும்பி வந்தா, அவர் கையில இருக்கிற சாவி இந்தக் கதவைத் திறக்கணும்" என்பாள் வர்தியா. இருபது வருஷத்துக்கும் மேலாக அதே பேச்சு.

ஆகவே பூட்டைத் தொடாமல் லுத்ஃபி தன்னால் முடிந்ததைச் செய்தான். ஸ்டீயரிங்குக்கு இரும்புக் கம்பி. அதோடு, சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் சின்ன ரோட்டரை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது இல்லாமல் யார் சாவி போட்டாலும் எஞ்சின் முனகுமே தவிர பற்றாது.

இப்போது அவன் தன் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தான். முனகல்கூட வரவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி செத்திருந்தது. விடாமல் இழுத்து இழுத்து யாரோ அதைச் சாகடித்திருந்தார்கள்.

"அக்கா" என்று குரல் கொடுத்தான்.

ஹூரியா மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நர்ஸ் சீருடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டே வந்தாள்.

"ஏன்டா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"நேத்து நீ வண்டியில உட்கார்ந்தியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு."

"இந்த சீட்டைப் பாரு."

அவள் குனிந்து தலையை உள்ளே விட்டாள். விட்டவள் சட்டென்று வெளியே எடுக்கவில்லை. இருக்கைத் துணியிலிருந்து ஒரு வாசனை வந்தது. விறகுப் புகை, ஆட்டு ரோமம், ஈரக் கம்பளி. அப்பா காணாமல் போனபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பெண். அப்பாவின் வாசனை அவளுக்குத் தெரியும். புகையிலையும் ஆரஞ்சுத் தோலும். ப்ளீதாவில் ஆரஞ்சு வாங்கித் தின்று, தோலை முன்கண்ணாடி ஓரத்தில் காயப் போடுவார். இது அந்த வாசனை இல்லை.

"அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லாத" என்றாள் மெதுவாக.

"என்னத்தைச் சொல்லாத?"

வர்தியா பின்னால் நின்றாள். காலில் வீட்டுச் செருப்பு. தலைத்துணியைச் சரியாகக்கூடக் கட்டவில்லை. யாரும் பதில் சொல்வதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். அவள் கை, இருக்கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவிலிருந்த அந்தக் காலி இடத்துக்குள் போய், அங்கேயே நின்றது.

"கதவு?"

"பூட்டாம கிடந்துச்சு யம்மா. உடைக்கலை."

"சாவி போட்டுத் திறந்திருக்கு."

"திருடன்கிட்ட எல்லாச் சாவியும்தான் இருக்கும்."

"திருடன்னா கம்பியை அறுத்திருப்பான். இவர் அறுக்கலை."

லுத்ஃபியும் ஹூரியாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருடனை யாரும் 'இவர்' என்று சொல்வதில்லை.

"விடியிற நேரத்துல சத்தம் கேட்டேன்" என்றாள் வர்தியா. "கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. குளிர் நாள்ல அவர் அப்படித்தான் பண்ணுவார். இந்தச் சத்தத்தை நான் எத்தனையோ நாள் கேட்டு எழுந்து ஓடியிருக்கேன். வந்து பார்த்தா வண்டி சும்மா நிக்கும். இன்னைக்கும் அதே மாதிரிதான்னு கண்ணை மூடிக்கிட்டுப் படுத்துக் கிடந்தேன். இன்னைக்குப் போய்ப் படுத்துக் கிடந்தேன் பாரு."

"யம்மா, உள்ள வா. குளிருது" என்று ஹூரியா தோளைத் தொட்டாள்.

வர்தியா மகனிடம் திரும்பினாள். "அந்தச் சாமானை எடுத்த இடத்துல வை. கம்பியையும் கழட்டு."

"எதுக்கு?"

"அவர் மறுபடி வருவார். வந்தா வண்டி கிளம்பணும்."

"வண்டி போயிடும் யம்மா. கடைகளுக்கு ரொட்டி போடுறதுக்கு நாளைக்கு நான் தலையில சுமந்துக்கிட்டா போறது?"

"போகட்டும். அவரோட வண்டி அது."

"அவரோட வண்டியில நான்தான் இந்தக் குடும்பத்துக்குச் சோறு கொண்டு வர்றேன்."

சொன்ன பிறகு லுத்ஃபிக்கே அது பிடிக்கவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு ரோட்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பனிக்குள் நடந்துவிட்டான்.

தெருமுனைக் காப்பிக் கடை வாசலில் மப்ரூக் உட்கார்ந்திருந்தான். அந்தத் தெருவில் நிற்கும் வண்டிகளுக்கு அவன்தான் காவல். யாரும் அவனை நியமிக்கவில்லை. ஒரு கட்டையும் ஒரு விசிலும் வைத்துக்கொண்டு தானே நியமித்துக்கொண்டவன்.

"பெரிய காவல்காரன்" என்றான் லுத்ஃபி. "என் வண்டியில ஒருத்தன் ஏறி உட்கார்ந்திருக்கான். நீ எங்க இருந்த?"

"தெருவுலதான் சுத்திக்கிட்டு இருந்தேன். வண்டிக்குக் கிட்ட நின்னு பார்த்தேனே."

"பார்த்தியா?"

"சாவி போட்டுத் திறந்தான். உங்க வீட்டு ஆளுன்னு விட்டுட்டேன். திருடன் சாவி போட்டுத் திறந்து, பெருமூச்சு விட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பானா?"

"ஆள் எப்படி இருந்தான்?"

"நல்ல உயரம். கம்பளி கஷாபியா அங்கி போட்டு, அதோட தொப்பியால தலையை மூடியிருந்தான். வண்டி கிளம்பலைன்னதும் இறங்கிப் பள்ளிவாசல் பக்கம் போனான்." மப்ரூக் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினான். "உன் அப்பாவை நான் பார்த்திருக்கேன். அதே உயரம். ஒரு நிமிஷம் எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு."

"அம்மாகிட்ட இதைச் சொல்லிடாத."

"ஆனா நடை வேற, தம்பி. வயசான நடை இல்ல அது."

"மறுபடி வந்தா விடாத. பிடிச்சு வை."

வீட்டில் ஹூரியா வேலைக்குப் போகவில்லை. போக முடியவில்லை. அம்மா தண்ணீர் காய்ச்சி, உள்ளறையைத் துடைத்து முடித்துவிட்டு, அலமாரியிலிருந்து அப்பாவின் கம்பளிச் சட்டையை எடுத்து உதறினாள். சட்டை தோள்பட்டையில் பூச்சி அரித்துப் போயிருந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது ஓட்டைகள் தெரிந்தன. அவள் அதைப் பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஹூரியா, அவருக்கு இப்ப தலை நல்லா நரைச்சிருக்கும், இல்ல?"

ஹூரியா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அடையாளம் தெரியாமப் போயிடுமோன்னு இருக்கு. அவருக்கு என்னைத் தெரியாமப் போயிடுமோன்னுதான் அதைவிடப் பயம்."

"யம்மா."

"என்ன?"

மருத்துவமனையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொன்னவள் ஹூரியா. வார்த்தையைத் தேடி அவள் நின்றதே இல்லை. இப்போது தேடினாள்.

"அந்த சீட்டுல விறகுப் புகை வாசனை அடிச்சுது. ஆட்டு வாசனையும். அப்பாவோட வாசனை அது இல்ல."

வர்தியா சட்டையை மடிக்கத் தொடங்கினாள். "மலையில இருந்திருக்கார். மலையில விறகுதானே எரிக்கணும்."

ஹூரியா மறுபடியும் நறுக்கத் தொடங்கினாள். அம்மாவின் மனசுக்குள் எல்லாமே பொருந்திக்கொண்டு போயிற்று. எதைச் சொன்னாலும் அதற்கொரு இடம் அங்கே தயாராக இருந்தது.

பகல் தொழுகைக்குப் பிறகு பனி கொஞ்சம் விலகியது. அப்போதுதான் வெளியே விசில் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஆட்களின் கூச்சல்.

வர்தியா வாசலுக்கு ஓடினாள். மஞ்சள் வண்டிக்குப் பக்கத்தில் கூட்டம். கூட்டத்தின் நடுவே, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, பழுப்புக் கஷாபியா போட்ட ஓர் உயரமான உருவம். அகன்ற தோள். லேசாக இடப்பக்கம் சாய்ந்த தலை.

அவள் வாயிலிருந்து பேர் வெளியே வந்துவிட்டது. "லக்தர்."

உருவம் திரும்பியது. தாடி சரியாக முளைக்காத முகம். லுத்ஃபியைவிடச் சின்னவன்.

ஹூரியா பின்னாலிருந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். வர்தியா அந்தக் கையை ஒவ்வொரு விரலாக விலக்கினாள். விழவில்லை.

மப்ரூக் அவனுடைய கஷாபியாவின் தொப்பியைக் கொத்தாகப் பிடித்திருந்தான். "வண்டியையே சுத்திச் சுத்தி வந்தான். அமுக்கிட்டேன்" என்றான் பெருமையாக.

லுத்ஃபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த வேகத்திலேயே ஓர் அறை விட்டான். "எத்தனை வண்டிடா எடுத்திருக்க இந்தத் தெருவுல? யாரோட ஆளு நீ?"

அவன் தடுக்கவில்லை. அடி வாங்கத்தான் வந்தவன் மாதிரி நின்றான். உதட்டில் ரத்தம் கசிந்தது. பிறகு மூடியிருந்த கையை விரித்தான்.

ஒரு சாவி. தலைப்பக்கம் உடைந்து, நீல நிற டேப் சுற்றியிருந்தது. டேப் வெளுத்து ஓரம் சுருண்டிருந்தது.

வர்தியா வந்து அதை எடுத்தாள். கட்டைவிரலால் டேப்பைத் தடவினாள்.

"இதை நான்தான் சுத்திக் கொடுத்தேன்" என்றாள். "கையைக் குத்துதுன்னு சொன்னார்." பிறகு நிமிர்ந்து, "மப்ரூக், அவனை விடு. எல்லாரும் போங்க. இவன் என் வீட்டுக்கு வந்தவன்" என்றாள்.

உள்ளே அவனுக்குக் காப்பி வைத்தார்கள். அவன் குடிக்கவில்லை. இருக்கை நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவனைப் போல உட்கார்ந்திருந்தான். ஹூரியா ஈரத்துணியைக் கொடுத்தாள். அவன் பக்கம் குனிந்தபோது காலையில் முகர்ந்த அதே புகை வாசனை வந்தது.

"பேரு?" என்றாள் வர்தியா.

"தௌஃபீக், ஹாஜ்ஜா" என்றான், மூத்த பெண்களுக்குச் சொல்லும் மரியாதையோடு. "தமஸ்கீதா மலைக்கு அந்தப் பக்கம். ஆடு மேய்க்கிறோம்."

"இது உனக்கு எப்படி வந்தது?"

"எங்க அப்பா கழுத்துல கயித்துல கட்டிப் போட்டிருப்பார். எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து. என்ன சாவின்னு கேட்டா அடிப்பார். போன மாசம் அவர் செத்துப் போனார். கடைசியா மூச்சு வாங்கும்போது கழட்டி என் கையில வெச்சார். 'மேதியாவுல லக்தர்னு ஒரு டாக்ஸிக்காரர். மஞ்சள் 505. வீட்டுல கொண்டுபோய்க் கொடு. கேட்டா இடத்தைக் காட்டு'ன்னார்."

ஹூரியா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலையிலயே வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். கதவைத் தட்டக் கை வரலை. வண்டி நின்னுச்சு. இந்தச் சாவி இதுக்குப் பொருந்தக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் போட்டேன் ஹாஜ்ஜா. எங்கப்பா ஜுரத்துல உளறினதா இருக்கட்டும்னு. கதவு திறந்துச்சு. சரி, எஞ்சினாவது சுத்தாம இருக்கட்டும்னு போட்டேன். சுத்துச்சு. அது கிளம்புறதுக்குள்ள நிறுத்தணும்னு தோணுது, கை நிறுத்த மாட்டேங்குது. ஏன் அவ்வளவு நேரம் இழுத்தேன்னு எனக்கே தெரியலை."

"இடம்னு சொன்னியே. என்ன இடம்?" என்றாள் ஹூரியா.

"எங்க வீட்டுக்கு மேல கார்க் மரத் தோப்பு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு குளிர்காலமும் அப்பா அங்க போவார். என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டார். நான் பின்னாடி போய் ஒளிஞ்சு பார்த்திருக்கேன். கல்லைச் சுத்தம் பண்ணி, தண்ணி தெளிச்சு, ஃபாத்திஹா ஓதுவார். ஓதி முடிச்சு ரொம்ப நேரம் அழுவார்."

வர்தியாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. காலையிலிருந்து அதில் எரிந்த வெளிச்சம் மட்டும் மெல்ல அடங்கிக்கொண்டே போனதை ஹூரியா பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

லுத்ஃபி எழுந்து நின்றான். "உங்கப்பன் என்ன பண்ணினான்?"

தௌஃபீக் ஈரத்துணியைக் கீழே வைத்தான்.

"கேக்குறேன்ல. புதைச்சானா? கொன்னுட்டுப் புதைச்சானா?"

"தெரியலை அண்ணா." அவன் முதல் தடவையாக லுத்ஃபியை நேராகப் பார்த்தான். "சத்தியமாத் தெரியலை. துப்பாக்கியோட வந்தவங்க கொன்னதைப் பார்த்துட்டு, பயத்துல வாயை மூடிக்கிட்டுப் புதைச்சாரா, இல்ல அவரே... நான் ராத்திரி தூங்குறதில்லை. எனக்கும் தெரியணும். ஆனா சொல்ல வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்தாச்சு."

அடிக்க ஓங்கிய லுத்ஃபியின் கை நடுவிலேயே நின்றது. அப்பாவைத் தெரியாத பிள்ளைகள் இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள்.

வர்தியா எழுந்து உள்ளறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதில் ஒரு வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது. விதவைகள் துக்கத்துக்கு உடுத்தும் வெள்ளை. அவளுடைய தங்கை பல வருஷத்துக்கு முன் கொண்டுவந்து கொடுத்து, இவள் தூக்கி மூலையில் எறிந்தது.

"இதை இப்ப உடுத்தப் போறதில்லை" என்றாள், மகளின் பார்வையைக் கவனித்து. "அங்க போய்ப் பார்த்துட்டு அப்புறம்."

"எங்க போய்?" என்றான் லுத்ஃபி.

"அந்த இடத்துக்கு. இப்பவே. வெளிச்சம் இருக்கும்போதே."

"இவனை நம்பியா? இதுவே ஒரு ஏற்பாடா இருந்தா? ஆள் இல்லாத மலையில வண்டியைப் பிடுங்கிட்டு நம்மளை உருட்டி விட்டா? சாவிக் கதை சொல்லி வீட்டுக்குள்ள வர்ற திருடனுங்க இருக்கானுங்க யம்மா."

"இருக்கலாம்."

"அப்புறம்?"

"அந்தச் சாமான் உன் பையிலதான் இருக்கு. நீ குடுக்கலைன்னா வண்டி கிளம்பாது. நான் நடந்து போவேன்."

வர்தியா செருப்பை மாற்றிக்கொண்டு படி இறங்கினாள். தௌஃபீக் தயங்கித் தயங்கிப் பின்னால் போனான்.

லுத்ஃபி அக்காவைப் பார்த்தான். ஹூரியா கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நானும் அவகூட நடக்கப் போறேன். நீ முடிவு பண்ணிக்க" என்றாள்.

அவன் வெளியே வந்து பானெட்டைத் திறந்தான். ரோட்டரைத் துடைத்து உள்ளே வைத்தான். மூடியைப் போட்டு கிளிப்பை மாட்டினான். ஸ்டீயரிங் கம்பியைக் கழற்றிப் பின்பக்கம் வீசினான். பிறகு யோசித்து, அதை எடுத்துப் பின் இருக்கையில், கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டான். தௌஃபீக் அதைப் பார்த்தான்.

"யாரு ஓட்டறது?" என்றாள் ஹூரியா.

"வழி இவனுக்குத்தான் தெரியும். ரோடு இல்லாத இடம்னு சொல்றான்" என்று வர்தியா நீல டேப் சுற்றிய சாவியைத் தௌஃபீக்கிடம் நீட்டினாள். "ஓட்டத் தெரியுமில்ல?"

"ட்ராக்டர், பிக்கப் ஓட்டுவேன் ஹாஜ்ஜா."

"அது போதும்."

பேட்டரி செத்த வண்டி. தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. திருடனை அடிக்கக் கூடியிருந்த அதே ஆட்கள் பின்னால் வந்து கை வைத்தார்கள். ஏன், எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மப்ரூக் கட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தோளைக் கொடுத்தான். இறக்கத்தில் வண்டி உருண்டு, ஒரு குலுக்குக் குலுக்கி, பற்றிக்கொண்டது.

ஊர் பின்னால் மறைந்தது. ஷிஃபா சாலை வளைந்து வளைந்து இறங்கியது. ஒரு திருப்பத்தில், வண்டி அன்று தனியாக நின்ற இடத்தைக் கடந்தார்கள். வர்தியா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஹூரியாதான் பார்த்தாள். ஈரமான பாறை. அதன்மேல் ஒரு குரங்கு குட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கொஞ்ச தூரத்தில் தௌஃபீக் வண்டியைத் திருப்பி, மலைமேல் ஏறும் மண்பாதையில் விட்டான். கல் தெறித்தது. வண்டி முனகிக்கொண்டே ஏறியது. இரண்டு பக்கமும் கார்க் மரங்கள் நெருங்கி வந்தன. மறுபடியும் பனி.

பாதை முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.

"ஏன் நிறுத்திட்ட?" பின் இருக்கையில் லுத்ஃபியின் கை கம்பியின் மேல் போயிற்று.

"ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் ஹாஜ்ஜா" என்றான் தௌஃபீக். "வீட்டுலயே சொல்லியிருக்கணும். உங்க முகத்தைப் பார்த்துட்டுச் சொல்ல முடியலை."

"சொல்லு."

"உங்க வீட்டுக்காரர் தனியாத்தான் வந்தார்னு சொன்னாங்க ஊர்ல. வண்டியில வேற யாரும் இல்லைன்னு."

"ஆமா. தனியாத்தான் வந்தார்."

"ஆனா அங்க ரெண்டு கல்லு இருக்கு. எங்கப்பா ரெண்டுக்கும்தான் தண்ணி தெளிப்பார். ஒண்ணு சின்னது. குழந்தைக்கு வைக்கிற அளவு."

வர்தியா முன்கண்ணாடி வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியை எடு" என்றாள் வர்தியா.